போத்தல் கழுத்தில் கட்டிய துணி

பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தேன் என்று சொன்னால், பெரிய படிப்பு படித்தவன் என்று ஆட்கள் நினைத்துவிடுகிறார்கள். நான் ஆறாம் வகுப்புகூட முடிக்கவில்லை. ஓட்டியது வேன். 1983இல் பல்கலைக்கழகக்காரர்கள் ஈப்போவில் ஒரு சின்ன அலுவலகம் போட்டு, ரப்பர் தோட்டத்துப் பள்ளிகளுக்குப் போய் அறிவியல் காட்டப்போகிறோம் என்றார்கள். அதுவரை நான் ரப்பர் பால் ஏற்றுகிற லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். தோட்டத்து மண்சாலை எல்லாம் தெரியும் என்பதால் எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு அந்தக் காரியத்தில் நம்பிக்கை இல்லை. பிள்ளைகள் காலில் சிலிப்பர் இல்லாமல் பள்ளிக்கு வரும் இடத்துக்கு, காந்தத்தையும் பிளாஸ்டிக் எலும்புக்கூட்டையும் ஏற்றிக்கொண்டு போகிறார்களே என்று சிரித்துக்கொள்வேன். படித்தவர்கள் வந்து காட்டிவிட்டுப் போவார்கள். நாம் பார்த்துவிட்டுக் கிடப்போம்.

காட்டுகிறவள் மெஹர்பானு. ஈப்போவில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவரின் மகள். பட்டம் வாங்கியவள், இருபத்து நாலு வயது. நல்ல பெண். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் அப்போது நான் அப்படி நினைக்கவில்லை.

இரண்டாவது வாரம் தஞ்சோங் மாலிம் பக்கம் ஒரு பள்ளி. ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றி, அது உறைவதைக் காட்டினாள். ஏன் உறைகிறது என்று ஒரு பிள்ளை கேட்டது. முப்பது வருசம் பால் வாசத்திலேயே கிடந்தவன் நான். வாய் சும்மா இருக்குமா?

"ஆசிட் பட்டா பால் செத்துப் போயிரும்லா. செத்தா எதுவும் வெறச்சுத்தானே போகும்?" என்றேன்.

பிள்ளைகள் சிரித்தார்கள். தலைமையாசிரியர் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்படி இல்லண்ணே, பாலுக்கு ஏது உசுரு?" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகையில் என்னவோ படம் போட்டாள்.

திரும்பி வரும்போது, "கோவிச்சுக்காதீங்கண்ணே. நான் பேசுறப்ப நீங்க வேன்கிட்டயே இருங்களேன்" என்றாள்.

"சரி மிஸ்" என்றேன்.

அடுத்த மாதம் நான் பிறந்த தோட்டத்தின் முறை வந்தது. கோலா கங்சாருக்கு உள்ளே தள்ளி இருக்கிறது. மூங்கில் தோட்டம் என்போம். என் தங்கச்சி இருளாயி அங்கேதான் பாலுக்கு ரப்பர் மரம் வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் மகள் நல்லம்மாவுக்கு ஒன்பது வயது. அவளுக்குக் காது குத்தியது என் மடியில் வைத்துத்தான். வேனைக் கண்டதும், "எங்க மாமா வேனு!" என்று பள்ளிக்கூடத்துக்கே கேட்கும்படி கத்தினாள்.

கொண்டுபோன ஆசிட் தீர்ந்திருந்தது. "உங்க தோட்டம்தானேண்ணே, கொஞ்சம் வாங்கித் தர முடியுமா?" என்று மெஹர்பானு கேட்டாள். பால் ஸ்டோருக்குப் போனேன். ஸ்டோர்காரன் வழக்கம்போல ஒரு காலிச் சோடா போத்தலில் ஊற்றி, கழுத்தில் சிவப்புத் துணியைக் கட்டிக் கொடுத்தான். எங்கள் பக்கம் அப்படித்தான். மழை நாளில் மரத்துக் கோப்பையில் பால் கரைந்து ஓடாமல் உறைய இரண்டு சொட்டு விடுவதற்கு, மரம் வெட்டுகிற வீடுகளில் எல்லாம் ஒரு போத்தல் இருக்கும். மேலே எழுதி ஒட்டினால் யார் படிப்பது? துணி கட்டியிருந்தால் ஆசிட், தொடக்கூடாது. தவழ்கிற பிள்ளைக்குக்கூட அது தெரியும்.

அவளுக்குத் தெரியாது. பட்டணத்துப் பெண். பள்ளித் திடலில் மேசை போட்டு வெள்ளைத்துணி விரித்து எல்லாவற்றையும் அழகாக அடுக்கினாள். "எதுக்கு இந்த அழுக்குத் துணி?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, முடிச்சை அவிழ்த்து மேசைக்கடியில் போட்டாள். பிள்ளைகள் வருவதற்குள் வேண்டிய ஆசிட்டை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றிக்கொண்டு, போத்தலை மேசை ஓரத்தில் வைத்தாள்.

நான் பார்த்தேன். பத்தடி தூரத்தில் வேனில் சாய்ந்து நின்றேன். சொல்ல வாய் வந்தது. 'வேன்கிட்டயே இருங்க' என்றது ஞாபகம் வந்தது. இருக்கட்டும், தோட்டத்துப் பிள்ளை ஏதாவது, 'மிஸ், துணி எங்க?' என்று கேட்கும், என் ஆட்கள் முன்னால் இவள் முழிப்பாள், அப்போது தெரியும் யாருக்கு என்ன தெரியும் என்று. இப்படித்தான் நினைத்தேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

யாரும் கேட்கவில்லை. பால் உறைந்தது, கை தட்டினார்கள். பூதக்கண்ணாடி காட்ட அவள் பிள்ளைகளை வகுப்புக்குள் கூட்டிப் போனாள். நல்ல வெயில். மேசைச் சாமான்களை எடுத்துவர நல்லம்மா மட்டும் திரும்பி வந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். வேனுக்குப் பின்னால் வந்து ஏதாவது கேட்பாள் என்று நினைத்து, டயரைக் குனிந்து பார்ப்பவன்போல் திரும்பிக்கொண்டேன். யாரிடமும் பேசுகிற மனசு இல்லை.

போத்தல் விழுந்த சத்தம்தான் கேட்டது.

ஆஸ்பத்திரிவரை நான் ஓட்டினேன். பின்னால் மெஹர்பானு பிள்ளையை மடியில் கிடத்தி, "அல்லா, அல்லா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பிள்ளை அழவில்லை. அழத் தொண்டை இல்லை.

ஈப்போ அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள். மேலிடத்திலிருந்து வந்த ஒரு என்சிக், பெரிய அதிகாரி, மலாயில் கேட்டார். ஆசிட் வாங்கியது யார்? நான். துணி கட்டியிருந்ததா? கட்டியிருந்தது. அவர் அடுத்த கேள்வி கேட்பதற்குள் மெஹர்பானு, துணியை அவிழ்த்தது நான்தான் என்று சொல்லிவிட்டாள். யாரும் கேட்காமலே சொன்னாள். நீ பார்த்தாயா என்று என்னை யாரும் கேட்கவில்லை. டிரைவரை எதற்குக் கேட்பார்கள்? நானும் சொல்லவில்லை.

அவளை வேலையைவிட்டு அனுப்பினார்கள். போகிற அன்று வேனிடம் வந்தாள்.

"சத்தியமா எனக்குத் தெரியாதுண்ணே. யாராவது ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"சரி மிஸ்" என்றேன்.

நான் பதினெட்டு வருசம் அந்த வேனை ஓட்டினேன்.

நல்லம்மா பிழைத்தாள். தொண்டை சுருங்கிவிட்டது. சில மாதங்களுக்கு ஒரு தடவை ஈப்போ ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு விரிப்பார்கள். கஞ்சிதான் இறங்கும். குரல், காய்ந்த சருகை மிதிக்கிற மாதிரி.

1989 தீபாவளிக்கு இருளாயி வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாடு போட்டுக்கொண்டே அவள் வழக்கம்போல் ஆரம்பித்தாள். "எம்புள்ள கோழி திங்க முடியாம கெடக்கு. அந்தப் பட்டணத்துச் சிறுக்கி வெளங்குவாளாண்ணே? அவ கை அழுகிப் போக."

"மிஸ்ஸத் திட்டாதம்மா" என்றாள் நல்லம்மா. பதினைந்து வயது, பத்து வயதுப் பிள்ளையின் உடம்பு. ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கி, என் பக்கம் திரும்பினாள். "தாகம். சோடான்னு நெனச்சு போத்தல மோந்து பாத்தேன் மாமா. லேசா வாட வந்துச்சு. ஆனா பால் நாத்தம் வேற, தெரியல. துணியும் இல்ல. திரும்பிப் பாத்தா நீங்க அங்கயே நிக்கிறீங்க. ஆசிட்டா இருந்தா மாமா சும்மா நிப்பாரான்னு குடிச்சேன்."

இருளாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கேட்டீங்களாண்ணே? மாமன்மேல அவ்ளோ பாசம்" என்று சொல்லி, என் இலையில் இன்னொரு துண்டு கோழியை வைத்தாள். நல்லம்மா முன்னால் கஞ்சிக் கோப்பை இருந்தது.

சொல்ல வாய் வந்தது. கோழியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டேன்.