வேன் மாமாவின் ஒற்றைச் செருப்பு

"வேன் மாமா, உங்க இன்னொரு செருப்பு எங்க?"

இரண்டாம் வகுப்பு மோகனப்பிரியா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டாள். அனந்தநாராயணன் குனிந்து பார்த்தார். வலது கால் வெறுங்காலாக பிரேக்கின் மேல் இருந்தது. வீட்டிலிருந்து இரண்டு செருப்போடு இறங்கியது நினைவிருந்தது. எங்கே கழன்றது என்று தெரியவில்லை. பாதத்தைத் திருப்பினார். கருவேல முள் ஒன்று பாதி இறங்கி ஒடிந்திருந்தது. வலிக்கவே இல்லை.

"ஆத்துல மறந்து வெச்சுட்டேன்டிம்மா" என்றார். வீட்டில் விட்டதாகச் சொன்னது பொய் என்று அவருக்கே தெரியும். பெரிய ஆபத்துக்குக் கதவைத் திறந்துவிடுவது பெரும்பாலும் இப்படி ஒரு சின்னப் பொய்தான்.

குத்தாலத்திலிருந்து மயிலாடுதுறைப் பள்ளிக்கு ஒன்பது பிள்ளைகளை வேனில் கொண்டுபோய் விடுவது அவர் வேலை. நாலு வருஷத்துக்கு முன் மனைவி சரசாவோடு காசிக்குப் போயிருந்தார். காசிக்குப் போகிறவர்கள் பிடித்த பண்டம் ஒன்றைக் கங்கையில் விட்டுவிட்டு வருவது வழக்கம். கூட வந்தவர்கள் சாமர்த்தியமாகப் பாகற்காயை விட்டார்கள். அனந்தநாராயணனுக்குப் பகவானிடம் சாமர்த்தியம் காட்டத் தெரியாது. உயிருக்கு உயிரான பாலையும் தயிரையும் விட்டார். மோரும் இல்லை, காப்பியும் இல்லை. ஊர் திரும்பியதும் காலைப் பலகாரத்தையும் விட்டார். பிள்ளைகளை இறக்கிவிட்டு, வீடு வந்து பூஜை முடித்து, பதினோரு மணிக்கு ரசஞ்சாதம். அதுவரை பச்சைத் தண்ணீர்.

முதல் மூன்று வருஷம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு உள்ளங்காலில் எறும்பு ஊர்வது போல இருந்தது. அப்புறம் எறும்பும் நின்றுவிட்டது. வேட்டி முடிச்சைக் கண்ணால் பார்த்தால்தான் போட முடிந்தது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டார். முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு மறுநாளும் வேனை எடுத்தார்.

புரட்டாசியில் மோகனப்பிரியாவின் அம்மா சௌந்தரநாயகி அவரை வழிமறித்தாள். கணவன் கடலுக்குப் போகிறவன். அவள் குத்தாலத்தில் மீன் விற்கிறாள்.

"நாலு மணிக்கே பூம்புகாருக்கு மீன் எடுக்கப் போயிடறேங்க. இட்லி வெச்சுட்டுத்தான் போறேன், தனியா உக்காந்து திங்க மாட்டேங்குது. அவிச்ச முட்டைன்னா உசுரு, அதுக்கு எனக்கு நேரமில்ல. ஏதாவது ஒரு வாய் உள்ள போவுதான்னு பாத்துக்குங்க ஐயா."

"என் பொறுப்பும்மா" என்றார் அவர். மத்தியானத்துக்குள் அது மனதிலிருந்து துடைத்தாற்போலப் போய்விட்டது. கால் மரத்ததைவிட இந்த மறதிதான் அஞ்ச வேண்டியது. ஆனால் மறந்ததுதான் மறந்துவிட்டதே, எப்படி அஞ்சுவார்?

ஐப்பசியில் மழை பிடித்தது. காவிரி கரையை முட்டிக்கொண்டு ஓடியது. கரைச் சாலை வளைவில் ஒரு மாடு குறுக்கே வந்தது. அனந்தநாராயணன் பிரேக்கை மிதித்தார். மிதித்ததாக நினைத்தார். வண்டி நிற்கவில்லை. கால் எங்கே இருக்கிறது என்று காலால் அறிய முடியவில்லை.

"மாமா, உங்க கால் பிரேக்குல இல்ல" என்றாள் மோகனப்பிரியா, மெதுவாக.

அவர் குனிந்து பார்க்கவில்லை. கைபிரேக்கை இழுத்தார். மாடு ஒதுங்கிவிட, வண்டி சேற்றில் வழுக்கிக் கரை விளிம்பில் நின்றது. ஆகாயத்தாமரைகளைச் சுமந்துகொண்டு பழுப்புத் தண்ணீர் சத்தமில்லாமல் கீழே போய்க்கொண்டிருந்தது. பின்னால் ஒன்பதாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த பையன் நிறுத்தவே இல்லை.

சாவியை எடுத்தார். சரசாவின் தம்பி அச்சுதனை வரவழைத்து, பிள்ளைகளை அவனோடு அனுப்பிவிட்டு மழையில் நின்றார்.

அன்று மாலையே ரத்தப் பரிசோதனை முடிந்தது. டாக்டர் நௌஷாத் அவருடைய கால் கட்டைவிரலை மேலும் கீழும் அசைத்து, எந்தப் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொன்னார். அவரால் சொல்ல முடியவில்லை. பி12 என்ற வைட்டமின் பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான் கிடைக்கும், அரிசியிலும் காய்கறியிலும் இல்லை என்று டாக்டர் விளக்கினார். ஈரலில் சேர்ந்திருந்ததை வைத்து உடம்பு மூன்று வருஷம் ஓட்டியிருக்கிறது. அதுவும் தீர்ந்ததும் நரம்பின் மேலுறை தேய ஆரம்பித்துவிட்டது. மறதியும் அதனால்தான்.

விரதத்தைப் பற்றிச் சரசா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"பி12 ஊசி போட்டா போதும். ஊசில பால் இல்ல சார், பயப்படாதீங்க" என்றார் டாக்டர். "ஆனா காலைப் பட்டினிய இன்னியோட விட்டுடுங்க. வெறும் வயித்துல எட்டு மணிக்குத் தலை கிறுகிறுக்கும், அந்த நேரத்துல உங்க கையில ஒன்பது உசுரு. எவ்வளவு உணர்ச்சி திரும்பும்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

அன்றிரவு அவர் எல்லாப் பெற்றோருக்கும் போன் செய்தார். செருப்பு தொலைந்த நாளிலிருந்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். ஒருவர் கத்தினார். இரண்டு பேர் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். சௌந்தரநாயகி மட்டும், "குணமானதும் வாங்க ஐயா. எம்பொண்ணு உங்க காலையே பாத்துக்கிட்டு வரும்" என்றாள்.

ஊசிகள் தொடர்ந்தன. வேனை அச்சுதன் ஓட்டினான். காலை ஏழுக்குள் இட்லியும் கெட்டியான சாம்பாரும், சில நாள் பயறுச் சுண்டலும் சரசா போட்டாள். தையில் பாதம் எரிய ஆரம்பித்தது. உணர்ச்சி திரும்புகிறது என்று அந்த எரிச்சலை அவர் பிரசாதம் போல வாங்கிக்கொண்டார். பங்குனியில்தான் டாக்டர் மறுபடி விரலை அசைத்துப் பார்த்துவிட்டு, வண்டி ஓட்டலாம் என்றார்.

அன்று மாலை, சந்தியாவந்தனத்தின் நடுவில், "என் பொறுப்பும்மா" என்று சௌந்தரநாயகியிடம் தான் சொன்ன குரல் அவருக்குத் திரும்பக் கேட்டது.

மறுநாள் காலை டீக்கடையில், வாழ்நாளில் முதல்முறையாக, அவித்த முட்டை ஒன்று கேட்டார். கடைக்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாளில் சுற்றிக் கொடுத்தார். யாருக்கு என்று அனந்தநாராயணன் சொல்லவில்லை. சரசாவுக்கும் தெரியாது.

முதல் வீடு மோகனப்பிரியாவுடையது. அவள் பையை முன்சீட்டில் வைத்துவிட்டு, தண்ணீர் பாட்டில் எடுக்க உள்ளே ஓடினாள். தெருவில் யாரும் இல்லை. அனந்தநாராயணன் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து பொட்டலத்தை உள்ளே வைத்தார். தாளையும் மீறி முட்டையின் சூடு அவர் விரல்நுனிகளைச் சுட்டது. சுடுவது தெரிந்தது. ஒரு கணம் கையை எடுக்காமல் இருந்தார். பிறகு ஜிப்பை மூடி, காலைப் பிரேக்கின் மேல் வைத்து, அவள் வருவதற்காகக் காத்திருந்தார்.