ஓரகத்தியின் கைராசி

"அம்மா, சித்தி போட்ட நாத்து மட்டும் ஏன் வாடவே மாட்டேங்குது?" என்று மகள் ஒருநாள் கேட்டாள்.

"உங்க சித்திக்குக் கைராசி. எனக்குக் கைதான் இருக்கு, ராசி இல்ல" என்றாள் தாய், மாட்டுக்குப் புல் நறுக்கிக்கொண்டே. மகள் சிரித்துவிட்டு ஓடிவிட்டாள். ஆனால் அந்தக் கேள்வி, செருப்புக்குள் புகுந்த கல்லைப் போலத் தாயோடேயே நடந்தது.

அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டவர்கள். அண்ணன் மனைவியான இவள் மூத்தவள்; தம்பி மனைவி இளையவள். கிணறு பொது. அந்தக் கோடையில் கிணற்றுத் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. மேட்டு நிலம் முழுக்கக் காய்ந்து கிடந்தது. கிணற்றை ஒட்டிய பள்ளத்தில்தான் கொஞ்சம் ஈரம் நின்றது. அதில் யார் பயிர் வைப்பது என்று பேச்சு எழுந்தபோது மாமனார் முடித்துவைத்தார். "ரெண்டு பேரும் தக்காளி நாத்து விடுங்க. எந்தப் பாத்தி பொழைக்குதோ அவங்க பள்ளத்துல நட்டுக்கங்க. ஞாயித்துக்கிழமை தோட்டத்துக்கு வந்து பாக்குறேன்."

ஒரே பொட்டல விதைதான். ஆனால் மூத்தவளின் நாற்றுகள் வெந்ததுபோல் சுருண்டன. இளையவளுடையவை நிமிர்ந்து நின்றன. இத்தனைக்கும் மூத்தவள் ஒரு நண்பகல்கூடத் தவறாமல், புதிதாக வாங்கிய கருப்பு ரப்பர் குழாயை இழுத்துவந்து தண்ணீர் விட்டாள்.

"அக்கா, அந்தக் குழாயில முதல்ல வர்ற தண்ணிய..." என்று இளையவள் ஒருமுறை தொடங்கினாள்.

"நீ நடக்கப் பழகறதுக்கு முன்னாடியே தண்ணி பாய்ச்சினவ நான்."

இளையவள் தன் பாத்திக்கே திரும்பிப் போனாள்.

அதன்பிறகு அவள் சிரித்தால் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாக மூத்தவளுக்குப் பட்டது. அவள் வீட்டு அடுப்பு சீக்கிரம் பற்றிக்கொண்டால்கூடப் பொறுக்கவில்லை. சாமி கும்பிடும்போது 'எனக்குக் கொடு' என்று தொடங்கும் வேண்டுதல், 'அவளுக்கு மட்டும் ஏன்' என்று முடிந்தது. கடவுள் இரண்டையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்.

ஒரு காலை, அவளுடைய பாத்தியில் வெற்றிடங்களில் எல்லாம் பச்சை தெரிந்தது. "பாத்தியா, நம்ம பாத்தியும் தேறிடுச்சு" என்று மகளைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

மகள் தரையைப் பார்த்தாள். "அது சித்தி நட்டதும்மா. அவங்க பாத்தியில இருந்து எடுத்து. நேத்து சாயங்காலம் நீ பால் ஊத்தப் போனப்ப."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னாங்க. உங்கம்மா பாவம், தானா தேறினதா நெனச்சுக்கட்டும்னாங்க."

மூத்தவளுக்கு முகம் எரிந்தது. எனக்குப் பிச்சை போடுகிறாளா? பிடுங்கி எறியக் குனிந்தாள். நாற்று மண்ணைப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. கை வரவில்லை.

அன்று சனிக்கிழமை. இளையவள் குடும்பத்தோடு தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். மாலை பஸ்ஸில் திரும்புவாள். வெயில் உச்சிக்கு ஏறிய நேரத்தில் அனல்காற்று ஒன்று சுழன்று, அவள் பாத்திக்கு மேல் கட்டியிருந்த சாக்குப் பந்தலைப் பிய்த்து வேலியில் எறிந்தது. தொழுவத்திலிருந்து மூத்தவள் பார்த்தாள். இந்த வெயிலில் இனி அது தாங்காது. பள்ளத்து நிலம் தனக்குத்தான். காற்று செய்ததற்கு யாரும் தன்னைக் குறை சொல்ல முடியாது.

வாளியோடு அப்படியே நின்றாள். நாற்றுகள் ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்தன. 'உங்கம்மா பாவம்' என்ற சொல் மட்டும் காதை விட்டுப் போகவில்லை.

"என்னையா பாவம்ங்கறா?" என்று முணுமுணுத்துக்கொண்டே போய்ச் சாக்குகளை எடுத்துவந்து மறுபடி கட்டினாள். மோட்டாரைப் போட்டுக் குழாயை எடுத்தாள். தண்ணீர் முதலில் அவள் பாதத்தில்தான் கொட்டியது. துள்ளி விலகினாள். வெயிலில் கிடந்த குழாய்க்குள் இருந்தது தண்ணீரல்ல, உலைநீர்.

அது குளிரும்வரை தரையில் ஓடவிட்டாள். ஓடுகிற நீரைப் பார்த்தபடி நிற்கும்போதுதான், இளையவள் அன்று சொல்லவந்ததன் மீதி தானாகப் புரிந்தது. இத்தனை நாளும் தன் கையாலேயே தன் நாற்றுகளை அவித்திருக்கிறாள். கைராசியும் இல்லை, ஒன்றும் இல்லை. வெட்கத்தோடு சிரிப்பும் வந்தது.

இளையவளின் பாத்தி பிழைத்தது. ஆனால் காற்றடித்த ஓரத்து வரிசை கருகிவிட்டது. நாளை மாமனார் பார்ப்பார்.

வெயில் தாழ்ந்ததும், தன் பாத்தியிலிருந்து நாற்றுகளை வேர்மண்ணோடு தோண்டி அந்த ஓரத்தில் நட்டாள். பொறாமை ஒரேயடியாக விட்டுப்போகவில்லை. கடைசிக் குழிக்கு நோஞ்சானாக ஒன்றை வைத்தால் போதாதா என்று கேட்டது. அவள் தன்னிடம் இருந்தவற்றிலேயே தடித்த தண்டைத் தேடி எடுத்தாள். ஈரமண்ணை அழுத்தினாள். தன் காலடித் தடங்களைக் கையால் தடவி மறைத்தாள்.

"யாரும்மா தோட்டத்துல?" என்று மாமனார் உள்ளே படுத்தபடியே கேட்டார்.

"நான்தான் மாமா. கோழிய அடைக்கிறேன்."

கோழிகள் எப்போதோ அடைந்துவிட்டிருந்தன.