செத்த மூக்கின் தீர்ப்பு

மூக்கு செத்துப்போன மனிதன் ஒருவன் ஐந்து நாட்டுச் சுருட்டுகளை நாடு சொல்லிப் பிரித்தான் என்றும், ஆறாவதாக வந்த திருட்டுச் சுருட்டைக் கையும் களவுமாகப் பிடித்தான் என்றும், அதைக் கண்டு அந்த அறையில் உயிரோடிருந்த மற்ற மூக்குகளெல்லாம் வெட்கத்தில் பட்டாணி அளவுக்குச் சுருங்கிவிட்டன என்றும், அந்த மனிதன் தான்தான் என்றும் மூக்கர் சலூனில் சொன்னார். சவரத்துக்குச் சாய்ந்திருந்தவர் சிரித்த சிரிப்பில் சோப்பு நுரை கண்ணாடி வரை தெறித்தது.

சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ஒரே தும்மலில் கப்பல் கேப்டனின் தொப்பியைக் கடலுக்கு அனுப்பியதாகச் சொன்னதும் இதே வாய்தான். மூன்று தெரு தள்ளிச் சுருட்டுப் பெட்டி திறந்தால்கூடத் தூக்கத்திலேயே இலை எந்த நாடு என்று முனகுவேன், வேண்டுமானால் என் பெண்டாட்டியைக் கேளுங்கள் என்று சவால் விட்டதும் இதே வாய்தான். அவர் பெண்டாட்டியை யாரும் போய்க் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அவர் தூக்கத்தில் குறட்டையைத் தவிர வேறெதுவும் விட்டதில்லை என்று அந்த அம்மாள் சொல்லியிருப்பார்.

ஆனால் வேலை என்னவோ மெய்தான். பெரிய ஹோட்டல் ஒன்றின் புகைக்கும் அறைக்கு ஆயுள் முழுக்கச் சுருட்டு தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர் அவர். மூக்கும் வேலைக்கேற்ற மூக்கு. ஆள் வாசலைத் தாண்டுமுன் அது கூடத்தில் உட்கார்ந்திருக்கும். பெற்றவர்கள் வைத்த பெயரை ஓய்வூதிய அலுவலகம் மட்டும்தான் நினைவில் வைத்திருந்தது.

அந்த மூக்கு ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் போயிற்று. போனதே அவருக்குத் தெரியாது. மனைவி கடைக்குப் போகும்போது அடுப்பில் பாலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அவரும் அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டு பத்திரமாகப் பார்த்துக்கொண்டார். பால் தீய்ந்து, பாத்திரம் தீய்ந்து, நாற்றம் மாடி வரை ஏறியது. மாடியிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தது சகலை.

சகலை என்றால் மூக்கரின் கொழுந்தியாள் புருஷன். தணிக்கை அலுவலகத்தில் இருந்தவர். சந்தேகப்படுவதற்கென்றே அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருந்த மனிதர். சம்பளம் நின்ற பிறகும் சந்தேகத்தை மட்டும் இலவசமாகத் தொடர்ந்துகொண்டிருந்தார். மூக்கர் எதைச் சொன்னாலும் "கணக்கு இடிக்குதே, சகல" என்பார். அன்று அவர் அடுப்பைப் பார்த்தார், மூக்கரைப் பார்த்தார். பெரிய ஊழலைப் பிடித்துவிட்டவர்போல முகம் மலர்ந்தது. வெளியே மூச்சு விடவேண்டாம் என்று மூக்கரின் மனைவி கெஞ்சியதால் வாயை மூடிக்கொண்டார். அதற்கு வட்டியாகத் தினமும் கீழே இறங்கிவந்து, இன்று பூண்டு, நாளை பினாயில் என்று எதையாவது அந்த மூக்கின் அடியில் காட்டிவிட்டுப் போவார்.

அதன்பின் காபி வெந்நீராயிற்று, சோப்பு வெறும் கல்லாயிற்று. நாக்கு மட்டும் தன் பங்குக்கு உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு என்று நான்கைச் சொல்லிக்கொண்டிருந்தது. எத்தனை நாட்டுச் சுருட்டைப் பற்றவைத்தாலும் அதில் மிச்சம் இருந்தது கசப்பு ஒன்றுதான். ஓய்வு பெற்றவனை ஊர் எதற்கும் கேட்பதில்லை. மூக்கரைச் சுருட்டுக்காவது கேட்டுக்கொண்டிருந்தது. இனி அதுவும் இல்லை என்று அவர் ஜன்னலோரம் பற்றவைக்காத சுருட்டோடு உட்கார்ந்திருப்பார்.

அந்த நேரம் பார்த்துத்தான் சுருட்டுக்கடை முதலாளி ஆள் அனுப்பினார். கடை இந்த வருடம் ஒரே ஒரு சுருட்டைத் தூக்கிப்பிடிக்கப் போகிறது. மூக்கர் தேர்ந்தது என்று பலகை வைத்துத்தான் விற்கப்போகிறது. வந்து பொறுக்கிக் கொடுக்கவேண்டும். மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். போய்த் தவறாகச் சொன்னால், ஊரில் அவருக்கு மிச்சமிருந்த ஒரே மரியாதையும் போகும். மனைவி வேண்டாம் என்றாள். மூக்கர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவர் விழுவதை முன்வரிசையில் நின்று பார்க்க சகலையும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார்.

கடையின் பின்னறையில் பல் டாக்டர், வக்கீல், துணிக்கடைக்காரர் மூவரும் ருசி பார்க்க உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் ஆறு சுருட்டுகள். நாடு தெரியாதபடி சுருட்டுகளின் பெயர்ப் பட்டைகளைக் கழற்றியிருந்தார்கள். கியூபா, நிகராகுவா, பிரேசில், கேமரூன், ஹோண்டுராஸ் என்று ஐந்து பெயரைச் சொன்ன முதலாளி, ஆறாவது என்னவென்று சொல்லாமல் சிரித்தார்.

மூக்கர் நாடகத்துக்குக் குறை வைக்கவில்லை. ஒவ்வொன்றையும் மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டார். வேலையெல்லாம் விரலுக்கும் தொண்டைக்கும்தான். கட்டைவிரலில் பொடிமணலாக உரசிய இலை கேமரூன். வாயில் வைக்கும் தலையை மூன்று சுற்று இலையால் மூடியிருந்த நேர்த்தி கியூபா. பெட்டியில் அழுத்தி நான்கு மூலையாக்கியது, இழுத்ததும் தொண்டையில் மிளகாயாக உறைத்தது, நிகராகுவா. கன்னங்கரேலென்று இருந்து கசப்புக்கு நடுவே லேசாக இனித்தது பிரேசில். மிஞ்சிய இரண்டில் ஒன்று விரலுக்கு எந்த நாடாகவும் படாததால், நரம்பு புடைத்து அவலட்சணமாக இருந்த மற்றது ஹோண்டுராஸ் என்றது வெறும் கழித்தல் கணக்கு. ஆனால் அதைப் பற்றவைத்தபோது கணக்கு மறந்துபோயிற்று. மூச்சுக்கு மூச்சு தடையில்லாமல் புகை வந்தது. கசப்பு நிதானமாக வந்து, சுத்தமாக விலகியது. சாம்பல் விரற்கடை நீளத்துக்கு உதிராமல் நின்றது. செய்தவன் கை நடுங்காத கை.

ஆறாவது வந்ததும் அறை சொக்கிப்போயிற்று. டாக்டர் ஆஹா என்றார். வக்கீல் கண்ணை மூடியவர் திறக்கவில்லை. துணிக்கடைக்காரர் இன்னொரு இழுப்பு கேட்டார். சகலையின் தலைகூட ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மூக்கருக்கு மட்டும் எந்த ஆஹாவும் எட்டவில்லை. உதட்டில் இனிப்பு ஒட்டியது. சுருட்டின் தலையில் எதற்குச் சர்க்கரை? இரண்டு இழுப்பில் சாம்பல் மாவாகக் கொட்டியது. பேனாக்கத்தியால் அதை நீளவாக்கில் பிளந்தார். உள்ளே முழு இலை என்று ஒன்று இல்லை, தூளும் காம்பும்.

"இது எந்த நாட்டுச் சுருட்டும் இல்லைங்க," என்றார் மூக்கர். "யாரோ பட்டறைத் தரையப் பெருக்கி, இலையில சுத்தி, சென்ட் அடிச்சிருக்காங்க. நல்லது அந்த அசிங்கமா இருக்கே, அதுதான்."

மூவர் முகத்திலும் ஈயாடவில்லை. முதலாளி மட்டும் அதே சிரிப்போடு பட்டைகளை எடுத்துவந்து ஐந்து நாடும் சரிதான் என்று ஒப்புக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் மூக்கர் எத்தனையோ காலத்துக்குப் பிறகு மனைவியிடம் இரண்டாவது கப் வெந்நீரை, அதாவது காபியை, கேட்டு வாங்கிக் குடித்தார்.

அடுத்த வாரம் கடை வாசலில் பலகை ஏறியது. மூக்கர் முகர்ந்து தேர்ந்தது என்று எழுதி, பக்கத்தில் வண்டிக்கூடு அளவுக்கு ஒரு மூக்கு. கீழே அடுக்கியிருந்தது ஆறாவது சுருட்டு.

மூக்கர் கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு தன் பெயரை எடுக்கச் சொன்னார். முதலாளி மரியாதை குறையாமல் நாற்காலி போட்டார்.

"ஐயா, வாங்குறவன் மோந்து பாத்துத்தான் வாங்குறான். உங்கள மாதிரி பொளந்து பாத்தா வாங்குறான்? எனக்கு உங்க மூக்கு போதும். உங்க வாய் வேணாம்."

"நான் வேணாம்னு சொன்ன சுருட்டுங்க இது."

"யார் கேட்டா? டாக்டரும் வக்கீலும் இதத்தான் பிரமாதம்னாங்க. இத்தனை மூக்குக்குத் தெரியாதது உங்க மூக்குக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுச்சு, சொல்லுங்க."

அங்கேதான் மூக்கர் மாட்டிக்கொண்டார். எப்படித் தெரிந்தது என்று சொல்ல, மூக்கு செத்தது என்று சொல்லவேண்டும். செத்த மூக்கின் பேச்சை யார் கேட்பார்கள்? டாக்டரும் வக்கீலும் துணிக்கடைக்காரரும் அப்படி ஒரு நாள் நடந்த ஞாபகமே இல்லை என்றார்கள். தரைக்குப்பையை ஆஹா என்றது வெளியே தெரியக்கூடாதே. கடைசியில் மூக்கர் மனதைக் கல்லாக்கிக்கொண்டு சலூனில் உண்மையைச் சொன்னார். வாழ்நாளில் அவர் விட்ட அத்தனை கதைகளையும் ஊர் பாதியாவது நம்பியிருந்தது. மெய்யான இந்த ஒன்றைத்தான் யாரும் சல்லிக்காசுக்கு மதிக்கவில்லை. இதுவரைக்கும் காதில் பூ வைத்தீர்கள், இப்போது பூந்தோட்டமே வைக்கிறீர்கள் என்றார் சலூன்காரர்.

அப்போதுதான் ஹோட்டலில் அவரோடு வேலை பார்த்த பழைய தலைமைச் சமையல்காரர் உள்ளே வந்தார். மூக்கரின் மூக்கைத் தன் கண்ணைவிட நம்பியவர். பாதி புகைந்த ஒரு சுருட்டை மூக்கரின் மடியில் போட்டார்.

"உன் பேரப் பாத்து வாங்கினேன்யா. குப்பைய எரிச்ச மாதிரி இருக்கு. மூக்கு போச்சுன்னா போச்சுன்னு சொல்லிட்டு வீட்டுல இருக்கலாம்ல? பேர விக்கிற அளவுக்கா போயிட்ட?"

மூக்கர் சுருட்டை மடியிலிருந்து எடுத்துப் பெஞ்சில் வைத்தார். எல்லோரும் மூலைப் பெஞ்சைப் பார்த்தார்கள். அங்கே சகலை பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். வழக்கம்போல கணக்கு இடிக்கிறது என்பார், எல்லோரும் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்று காத்திருந்தார்கள்.

சகலை பேப்பரை மடித்தார். மடித்ததை இன்னொரு முறை மடித்தார். யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்:

"நடந்துச்சு. இவருக்கு மூக்கு செத்துத்தான் போச்சு, நானே தினம் சோதிச்சுப் பாத்திருக்கேன். அஞ்சு நாட்டையும் சரியாச் சொன்னாரு. இந்தக் குப்பைய எங்க முன்னாடி பொளந்து காட்டி வேணாம்னாரு. நான் பக்கத்துலயே நின்னேன். அத்தனையும் பாத்துட்டு, வாசனை நல்லாருக்கேன்னு மறுவாரம் போயி நானே ஒரு பெட்டி வாங்கினேன். மாடியில பாதி இன்னும் இருக்கு."