அந்தப் பக்கம் போன வீடு

மேற்கு பெல்ஃபாஸ்டில் நோரீன் மெக்ராத் வீட்டின் பின்னால், கத்தோலிக்கத் தெருக்களையும் புராட்டஸ்டண்டுத் தெருக்களையும் பிரித்து நின்ற சமாதானச் சுவர், அவள் ‘வேண்டாம்’ என்று சொன்ன ஒவ்வொரு முறையும் வீட்டை நோக்கிச் சில அடி நகர்ந்து வந்தது. முதலில் கரிக்கொட்டகை சுவருக்கு அந்தப் பக்கம் போனது. பிறகு துணிக்கொடி, காய்ந்துகொண்டிருந்த போர்வையோடு.

அரசாங்கங்கள் ஒப்பந்தம் போட்டு, கைதிகளை விடுவித்து, ஆயுதங்களை ஒழித்த பிறகும் சுவரை மட்டும் தொடவில்லை. அதையொட்டி வாழும் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சம்மதித்தால்தான் இடிப்பது என்று முடிவு. ஆகவே சில வருடங்களுக்கு ஒருமுறை ஹட்சன் என்ற அதிகாரி வந்து, நோரீன் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, “இடிக்கலாமா?” என்று கேட்பார். சுவர் எழும்புமுன் பின்சந்து வழியாக வந்தவர்கள்தான் அவள் கணவனைச் சாப்பாட்டு மேசையிலேயே சுட்டுவிட்டுப் போனார்கள். பின் ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்திருந்தும், கல் விழும் சத்தம் கேட்டால் அவள் இன்னமும் அந்த மேசைக்கடியில் போய் ஒளிவாள்.

மகள் ஈஃபா, அந்தப் பக்கத்துப் புராட்டஸ்டண்டான ட்ரெவரைக் கட்டிக்கொண்டு, அங்கேயே சுவரை ஒட்டிக் குடியிருந்தாள். அவளுக்குக் குழந்தை பிறந்து அதன் அழுகை சமையலறைவரை கேட்டது. நோரீன் இன்னும் முகம் பார்க்கவில்லை.

“ஆஸ்திரேலியாலேர்ந்து சித்தியே வந்து பாத்துட்டுப் போயிட்டாம்மா,” என்றாள் ஈஃபா தொலைபேசியில்.

“சுவத்துல இருக்கற இரும்புக் கதவு வரைக்கும் வந்தேன்டி. அதுக்கு மேல காலு வரல.”

அந்த வசந்தத்தில் ஹட்சன் மறுபடி வந்தபோது சுவர் பின்கதவுப் படியில் நின்றது. பக்கத்து வீட்டு பெர்னி கையைப் பிசைந்தாள்.

“சரின்னு சொல்லித் தொலையேன்டி! இன்னொரு தடவ வேண்டாம்னா நீயும் அந்தப் பக்கத்துக்காரிதான்.”

“இடிச்சா நம்ம பசங்க எறியற கல்லு நேரா ஈஃபா வீட்டுத் தொட்டில்ல விழும்,” என்றாள் நோரீன். “நீ எழுந்து உன் வீட்டுக்குப் போ, பெர்னி.”

பெர்னி போனதும் நோரீன் நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டு, ஜெபமாலையை இறுக்கிக்கொண்டு, ஹட்சனிடம் “வேண்டாம்,” என்றாள்.

சுவர் உள்ளே வந்தது. ஈரச் சிமெண்டின் வாடையும், எலும்புவரை இறங்கும் குளிரும் அவளுக்குள் புகுந்து கடந்தன. அவள் கத்தினாள், ஆனால் நாற்காலியை விட்டு எழவில்லை. கோப்பைகள் ஆடவில்லை. சுவர் முன்கதவு வழியாக வெளியேறித் தெருவில் நின்றுகொண்டது. ஹட்சனின் கார் பழைய பக்கத்தில் மாட்டிக்கொண்டதால், அவர் இரும்புக் கதவு வரை சுற்றி நடந்து போனார்.

பின்கதவை யாரோ தட்டினார்கள். அந்தக் கதவு தட்டப்பட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. கடைசியாகத் தட்டியவர்களை அவள் மறக்கவில்லை. எழுந்து கதவருகே போய் நின்றாள். வெளியே குழந்தை சிணுங்கியது. தாழ்ப்பாளை நீக்கினாள்.

அதன்பின் அவள் வீட்டுக் குப்பைவண்டி வியாழனுக்குப் பதில் செவ்வாயில் வந்தது. ஜூலையில் பழைய பக்கத்திலிருந்து முதல் கல் வந்து விழுந்தது. எறிந்தவர்களின் குரல்கள் அவளுக்குத் தெரிந்தவைதான்.

“கோவிச்சுக்காதடி,” என்றாள் பெர்னி தொலைபேசியில். “நீ அங்க இருக்கறது அவனுங்களுக்கு இன்னும் பழகல.”

ட்ரெவர் கம்பிவலையைப் பின் ஜன்னலிலிருந்து கழற்றி முன் ஜன்னலுக்கு அடித்துக் கொடுத்தான். கல் சத்தம் கேட்டால் நோரீன் இப்போதும் மேசைக்கடியில்தான் போய் ஒளிகிறாள், குழந்தையையும் தூக்கிக்கொண்டு.