தரும வீட்டின் வாசற்கல்

சத்தியபாமாவின் நெற்றிப் பொட்டைப் பற்றிக் கதைக்காத தமிழ் வாய் ஒஸ்லோவில் இல்லை. கணவர் ஆனந்தராஜா, தாயைக் கூட்டிவருகிறேன் என்று இரண்டாயிரத்து எட்டில் வன்னிக்குப் போனவர். யுத்தம் முடிந்தது, மனுசன் வரவில்லை. பிரேதமும் இல்லை, செய்தியும் இல்லை. "இனியும் என்ன பொட்டு?" என்று கேட்டவர்களுக்கு அவள் திருப்பிக் கொடுத்த பேச்சை அச்சில் போட முடியாது.

வடகோடியில், பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் பார்த்த வேலை அவளுடைய முழங்கால்களைத் தின்றுவிட்டிருந்தது. இப்போது ஒஸ்லோவின் ஓரத்தில், அம்மருட்டில் அவள் வாடகைக்கு இருக்கும் வீட்டை வீட்டுக்காரர் விற்கப்போகிறார். வேறு வாடகை கட்ட வழியில்லை. அப்போதுதான் தோழி விமலாதேவி இந்தத் தரும வீட்டைப் பற்றிச் சொன்னாள். அந்தக் காலத்து வியாபாரி ஒருவர் ஏழைகளுக்கென்று கட்டிவிட்டுப்போனதாம். சின்ன அறை, சொற்ப வாடகை.

போய்ப் பார்த்தால், வாசற்கல்லில் வெட்டியிருந்தது: ஏழை விதவைகளுக்காக.

சத்தியபாமா அப்படியே திரும்பினாள்.

"எங்கையடி போறாய்? ஒரு சொல்லுத்தானே, சொல்லிவிடன்," என்றாள் விமலாதேவி.

"உனக்கென்னடியப்பா, உன்ரை மனுசன் வீட்டிலை குறட்டை விடுறார்."

"அப்ப பனிக்குள்ளை படுக்கப்போறியோ?"

சத்தியபாமா உள்ளே போனாள்.

நிர்வாகி மேரின் நல்ல மனுசி. கோப்பி ஊற்றிக் கொடுத்து, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்," என்றாள். சத்தியபாமா கோப்பையைப் பார்த்துக்கொண்டே நோர்வே மொழியில் சொன்னாள்.

"என் கணவர் இறந்துவிட்டார். நான் விதவை."

இத்தனை வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லாமலிருந்தது. தமிழில் என்றால் நாக்கு எழும்பியிராது.

மேரின் அவள் கையைப் பிடித்தாள். "ஐயோ, வாசற்கல்லைப் பார்த்தீர்களா? அது பழைய விதி, எப்போதோ மாற்றிவிட்டோம். வசதியில்லாமல் தனியே இருக்கும் எவருக்கும் இங்கே இடமுண்டு. மேல்மாடியில் ஓர் அறை இருக்கிறது, அது உங்களுக்குத்தான். இதையெல்லாம் நீங்கள் சொல்லியே இருக்க வேண்டாம்."

பாவம், அவள் ஆறுதலுக்குத்தான் சொன்னாள். சத்தியபாமா கோப்பியைக் குடிக்காமலே எழுந்து வந்தாள்.

வெளியே நின்று, நடந்ததைக் கேட்ட விமலாதேவிக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. "அறை கிடைச்சிட்டுதெல்லே! விதவையெண்டு சொன்னதை மறந்துவிடு. அவருக்கென்ன, கேக்கவோ போகுது?"

சத்தியபாமா வாசற்படியில் குந்திவிட்டாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பொட்டு இருந்தது.

"அவருக்குக் கேக்காது, விமலா," என்றாள். "எனக்குக் கேட்டிட்டுது."