தாள் நழுவாத கதவு

ஐந்தரைக்கு எழுந்தான். பல் தேய்த்தான். பால் காய்ச்சினான். கூரைச் சூடு கொஞ்சமாவது இறங்கட்டும் என்று மொட்டைமாடியில் நாலு வாளி தண்ணீர் ஊற்றினான். இறங்கி வந்தபோது அத்தை பெட்டியில் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் மனைவி இறந்து ஒன்றரை வருடம். அவளுடைய அம்மாவான அத்தை அவனோடே தங்கிவிட்டாள். ஆனால் மேல்மாடி வெக்கையில் உடம்பெல்லாம் வேர்க்குரு.

"ஞாயித்துக்கிழமை பையன் வீட்டுக்குப் போறேன் மாப்பிள்ளை. இந்த அடுப்புல இனிமே என்னால வேக முடியாது."

போகாதீர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

"மத்தியானம் புது வீடு பார்க்கப் போறேன். நீங்களும் வாங்க அத்தை."

விற்பனையாளர் காலையில்தான் வரச் சொல்லியிருந்தார். மூன்று மணிதான் என்று இவன் ஒற்றைக்காலில் நின்றான். காலையில் எந்த வீடும் குளுகுளுவென்றுதான் இருக்கும்.

முதல் வீட்டில் மேற்கே ஆளுயரக் கண்ணாடிக் கதவு.

"கரண்ட் பில்லே வராது சார்," என்றார் விற்பனையாளர்.

அவர் கொடுத்த விளம்பரத் தாளையே கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்தான். வழுக்கிக்கொண்டு வந்தது.

"ரப்பர் பிடிக்கல. உள்ள இருக்கிற குளிர்ச்சியெல்லாம் ரோட்டுக்குத்தான்."

"சார், இது வீடு சார். பிரிட்ஜ் இல்ல."

"அவர் பிரிட்ஜ் மெக்கானிக் தம்பி," என்றாள் அத்தை. "முதல் தடவை எங்க வீட்டுக்கு வந்தப்பவே பொண்ணைப் பார்க்கல. பிரிட்ஜ் கதவைத்தான் திறந்து திறந்து பார்த்தார்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை மாதமாயிற்றோ.

இரண்டாவது வீடு வடக்கு பார்த்தது. அளவான ஜன்னல்கள், இரட்டைக் கண்ணாடி. தாளை இழுத்தான், பாதி கையோடு வந்தது, பாதி கதவிலேயே நின்றது. புறங்கையைச் சுவரில் வைத்தான். ஜில்லென்று இல்லை, சுடவும் இல்லை. போதும். ஜன்னல் ஒன்று விடாமல் சோதித்துவிட்டுத் திரும்பினால் அத்தையைக் காணோம்.

சின்ன அறையில், வெறுந்தரையில், கைப்பையைத் தலைக்கு வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். மின்விசிறிகூட இன்னும் மாட்டவில்லை. எழுப்பப் போன விற்பனையாளரைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தான். இருவரும் முக்கால் மணி நேரம் சமையலறையில் பேசாமல் நின்றார்கள்.

மகனின் போன் வந்துதான் விழித்தாள்.

"எங்கடா வர்றது? மாப்பிள்ளை போகவே கூடாதுன்னு கையைப் பிடிச்சுக்கிட்டார். கண்ணெல்லாம் கலங்கிடுச்சுடா அவருக்கு. நான் என்ன செய்ய?"

அவன் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். போனை வைத்துவிட்டு அவனிடம் அவள் சொன்னது இவ்வளவுதான்:

"என்ன பார்க்கறீங்க? என் கட்டில் இங்கதான். போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வாங்க, அதுவரைக்கும் இன்னும் கொஞ்சம் படுத்துக்கறேன்."