இருமுகிறவளுக்கு வேலை இல்லை

மார்கழி விடியலில், பரங்கிப்பேட்டை இறால் கொட்டகையில் இருபத்திரண்டு பெண்கள் ஐஸ் தண்ணீரில் கையை விட்டு இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். விரல்கள் மரத்துப்போய், நகக்கண்ணில் முள் ஏறினாலும் தெரியவில்லை. ஈ வந்துவிடும் என்று முதலாளி செம்பியன் ஜன்னல்களுக்குப் பலகை வைத்து ஆணியடித்திருந்தான். ஒருத்தி விட்ட மூச்சைத்தான் இன்னொருத்தி இழுக்க வேண்டும்.

இருமுகிறவளுக்கு வேலை இல்லை என்பது அவன் சட்டம். அதனால் காய்ச்சலோடு வந்தவர்களும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உரித்தார்கள். ஒரே வாரத்தில் பாதிப் பேருக்கு நெஞ்சுச் சளி. அருள்மொழி நிமோனியாவில் சிதம்பரம் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தாள். இந்தப் பாவி முதலாளிக்கு இறால்தான் பெரிது.

அன்று ரூமானாவால் இருமலை அடக்க முடியவில்லை. குடலே வெளியே வந்துவிடும்போல் இருமினாள்.

“எவடி அவ? கெளம்பு!”

“ஜன்னல தொறந்து விடுங்க மொதலாளி. மூச்சு முட்டுது.”

செம்பியன் அலுமினியத் தட்டை எடுத்து அவள் முகத்தில் அறைந்தான். உதடு கிழிந்து ரத்தம் இறால் குவியலில் சொட்டியது.

“ஐயோ, சரக்கு போச்சே!” என்று கத்தினான்.

கொளஞ்சியம்மாள் எழுந்தாள். இருபது வருடமாக அவனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள், ஐஸ் உடைக்கும் சம்மட்டியைத் தூக்கி ஜன்னல் பலகையில் ஓங்கிப் போட்டாள். செம்பியன் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளி, வயிற்றில் உதைத்தான். அதற்குமேல் யாரும் பொறுக்கவில்லை. ஐந்தாறு பேர் பாய்ந்து அவனைத் தரையோடு அமுக்கினார்கள். மற்றவர்கள் பலகைகளைப் பெயர்த்து எறிந்தார்கள். கடல்காற்று உள்ளே வந்தது.

“போலீசக் கூப்புடுறேன். ஒருத்திக்கும் இங்க வேல கெடையாது!”

“கூப்புடு. ஜன்னல் தொறந்தே இருக்கணும். காய்ச்சல்காரிக்கு சம்பளத்தோட லீவு குடுக்கணும். அதுவரைக்கும் உன் சரக்கு வெளிய போவாது,” என்றாள் கொளஞ்சியம்மாள்.

அவனை விட்டுவிட்டு, முன்வாசலை மறித்து எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். போலீசுக்குப் போன் போட்டுவிட்டு வந்த செம்பியன் சிரித்தான். பக்கவாசல் வழியாகச் சரக்கு லாரியை எடுக்கச் சொன்னான்.

“ஒட்டி உக்காராதீங்கடி, நோவு பரவும்,” என்றாள் கொளஞ்சியம்மாள். “துணியால வாயக் கட்டிக்கிட்டு, ஆளுக்கு ரெண்டு கை தூரம் தள்ளி உக்காருங்க.”

தள்ளித் தள்ளி உட்கார்ந்த வரிசை பக்கவாசலையும் தாண்டி நீண்டது. லாரி நின்றுவிட்டது. தூரத்தில் போலீஸ் ஜீப் வருவது தெரிந்தது.

“பக்கத்துல உக்காரவே பயப்படுறீங்க. உங்களுக்கு ஒத்துமை வேற!” என்றான் செம்பியன்.

“நாளைக்கும் இத்தினி பேரும் உசுரோட வந்து உக்காரணும்ல,” என்றாள் கொளஞ்சியம்மாள். “அதான்.”